பெயர் சொல்லாத ஒரு சகோதரனுக்காக

1

ஊரிலிருந்து நம் சபைப் போதகர் கடிதம் எழுதியிருக்கிறார். சபையின் மாத இதழுக்கு நான் ஒரு சாட்சி எழுத வேண்டுமாம். அக்கரையில் கஷ்டம் வந்தபோது ஆண்டவர் என்னை நடத்திய விதத்தை, வாசிப்பவர்களின் விசுவாசம் வளரும்படி, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதச் சொல்கிறார். கடிதத்தை உரக்க வாசித்தேன். அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி கிரேஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எழுதுங்க. ஆனா நடந்தத எழுதுங்க," என்றாள்.

ஆகையால் நடந்ததை எழுதுகிறேன். இதை வாசித்து யாருடைய விசுவாசமாவது குறைந்தால் அதற்குப் போதகரே பொறுப்பு. பக்கமும் இரண்டைத் தாண்டும்.

நான் சிங்கப்பூர் வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. ஜாலான் புசாரை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இரண்டு அறை. கீழே தகரப் பட்டறை. காலை எட்டு மணிக்கு அவர்கள் தட்ட ஆரம்பித்தால் மாலை ஐந்து வரை எங்கள் வீட்டில் யாரும் யாரையும் மெதுவாகக் கூப்பிட முடியாது. காய்கறி வாங்க தேக்கா சந்தைக்கு நடந்தே போய்விடலாம். கோயிலும் நடை தூரந்தான். குறையென்று சொல்ல ஒன்றுமில்லை.

பன்னிரண்டு வருஷமாக, அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவருகிறேன். முதலில் இதை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பிறகு நான் மட்டும் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடாமலேயே இருந்தேன். எங்கள் மகள் ரூத்துக்குப் பத்து வயது, இங்கேயே பிறந்தவள், பிரஜை. கிரேஸும் நானும் பிரஜையல்லாதவர்களுக்குக் கொடுக்கிற நீல அடையாள அட்டைக்காரர்கள். சட்டப்படி பார்த்தால் நாங்கள் இருவரும் எங்கள் மகள் வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளிகள். இந்த விஷயம் ரூத்துக்குத் தெரியும். பாட நேரத்தில் வானொலியை வைத்தால் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

2

வெள்ளிக்கிழமை மாலை எங்களுக்கு வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீடு. பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் வட்டமாக உட்காருவோம். பாட்டு, வேதவாசிப்பு, அப்புறம் அவரவர் ஜெப விண்ணப்பங்களைச் சொல்வது. பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, ஆளுக்கொரு ஜெபமாக வட்டம் சுற்றி வரும். கடைசி ஆள் ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்கக்கூடாது. அதன் பின் தேநீர், மிக்ஸர்.

நம் ஆட்கள் ஜெபிக்கிற விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண்டவர் எல்லாம் அறிந்தவர் என்பதில் நமக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனாலும் விவரம் சொல்லாமல் விடமாட்டோம். இதில் எங்கள் துரைரத்தினம் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "ஆண்டவரே, நீர் அறிவீர்" என்று அவர் தொடங்கினாலே எங்களுக்குத் தெரியாத ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். காதைத் தீட்டிக்கொள்வோம். யாருக்குச் சுகமில்லை, எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது வார்டு, கட்டில் ஜன்னல் பக்கமா சுவர்ப் பக்கமா, எந்த வாசலால் போனால் நடை குறைவு என்பதுவரை ஆண்டவருக்கு எடுத்துச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் அந்த வாசலால் போவோம்.

எனக்கு இது புதிதில்லை. என் தகப்பனார் உபதேசியாராக இருந்தவர். கெட்ட செய்தி எதையும் அவர் அம்மாவிடம் நேராகச் சொன்னதே கிடையாது. மாற்றல் வந்தால் குடும்ப ஜெபத்தில், "நாங்கள் போகவிருக்கிற அந்த ஊரின் தண்ணீர்க் கஷ்டத்தை நீர் அறிவீர்" என்பார். அம்மா ஆமென் சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பிப்பாள். கோபம் இருக்கும், ஆனால் கேட்க முடியாது. அப்பா ஆண்டவரிடம் பேசியதற்கு அம்மா எப்படி நடுவில் புகுந்து கேள்வி கேட்பது?

3

அப்போது நான் சாங்கியில், வெள்ளைக்காரப் பட்டாளத்துத் தளத்தில், ஸ்டோர் கிளார்க். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போர்வை, பூட்ஸ், கொசுவலை என்று வந்ததையும் போனதையும் எழுதிவைக்கிற வேலை. பட்டாளம் மூட்டை கட்டப்போகிறது என்ற பேச்சு ரொம்ப நாளாகவே அடிபட்டுக்கொண்டிருந்தது. அடிபடுகிற பேச்சு நம்மேல் படாது என்று இருந்தேன். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை எனக்கும் நீளக் கவர் வந்தது. மூன்று மாதத்துக்குப் பின் என் சேவை தேவைப்படாது என்பதை மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். முதல் பத்தியை வாசித்தபோது பதவி உயர்வு என்றே நினைத்தேன்.

குடியுரிமை இல்லாதவன் வேறு வேலைக்குப் போக வேலை அனுமதி அட்டை வேண்டும். அரை நாள் லீவு போட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் முதலாளியின் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு கம்பெனிகளில் ஏறி இறங்கிக் கடிதம் கேட்டேன். அனுமதி அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்கள். திரும்பவும் கவுண்டருக்கு வந்தேன். நல்ல பெண், சலித்துக்கொள்ளவில்லை. "அங்கிள், ஃபர்ஸ்ட் லெட்டர் லா, தென் கார்டு," என்று பொறுமையாக விளக்கி, ஒரு படிவமும் கொடுத்தாள். படிவத்தின் முதல் கேள்வி, தற்போதைய அனுமதி அட்டையின் எண் என்ன என்பது.

வேலை கிடைக்காவிட்டால் கிரேஸும் நானும் கப்பலேற வேண்டியதுதான். ரூத்தை என்ன செய்வது? தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளை எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள்? இங்கே வகுப்பில் முதலாவதாக வருகிறவளை அங்கே கொண்டுபோய்க் குழந்தைகளோடு உட்கார வைக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயந்துபோனேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. கிரேஸிடமும் சொல்லவில்லை. நான் சபையில் காரியதரிசி. யாருக்காவது வேலை போனால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், முதலில் போய்த் தோளைத் தட்டி "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்கிற ஆள். அடுத்தவர் கஷ்டத்துக்கு என்னிடம் எப்போதும் நாலைந்து வசனம் கைவசம் இருக்கும். என் கஷ்டத்துக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. முழங்காலில் நின்றால் பஸ் நேரந்தான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த நிலைமையில் இருக்கிறவன் நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நமக்கு ஜெபிக்க வராவிட்டால் என்ன, மற்றவர்கள் ஜெபிக்கட்டுமே என்று ஒரு யோசனை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை விண்ணப்ப நேரத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்னோடு சாங்கியில் வேலை பார்க்கிற ஒரு சகோதரன். பெயர் சொல்ல விரும்பவில்லை. ஸ்டோர் வேலை தெரிந்தவர், குடும்பஸ்தர். வேலை போகப்போகிறது. இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அவருக்காக ஜெபிக்க வேண்டும்," என்றேன். சொல்லி முடித்ததும் பாதி பாரம் இறங்கியதுபோல் இருந்தது. மீதிப் பாரம் எங்கே காத்திருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

4

மாஸ்டர் அந்தச் சகோதரனுக்காக ஏழெட்டு நிமிஷம் ஜெபித்தார். விவரம் போதாமல் அவர் தவித்ததைக் கண்ணை மூடிக்கொண்டே உணர முடிந்தது. ஆனால் அவரையும் மிஞ்சிவிட்டாள் கிரேஸ்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு அந்தச் சகோதரன் நினைப்புத்தான். தினமும் குடும்ப ஜெபத்தில் அவருக்கு முதலிடம். அவருக்கு அப்புறம் ரூத், அப்புறம் ஊரில் இருப்பவர்கள், கடைசியில் எனக்கு ஒரு வரி. புதன்கிழமை அவருக்காக மத்தியானம் உபவாசம் இருந்தாள். அன்று நான் காய்ச்சல் என்று லீவில் வீட்டில் இருந்தேன். எனக்கு முன்னால் சோற்றையும் மீன் குழம்பையும் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து வெறும் தண்ணீர் குடித்தாள். அவள் யாருக்காகப் பட்டினி கிடக்கிறாளோ அவன் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டான்.

அடுத்த வாரம் முறுக்கு சுட்டு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக. சாங்கி பஸ்ஸில் போகும்போதே பாதி தீர்ந்துவிட்டது. அதற்கும் அடுத்த வாரம் என் நீலச் சட்டையை, ஞாயிற்றுக்கிழமை போடுகிற நல்ல சட்டையை, இஸ்திரி போட்டு எடுத்துவந்தாள். வேலை கேட்டுப் போகிற மனுஷன் நல்லபடியாகப் போக வேண்டாமா என்றாள். நான் அதை ஸ்டோரில் என் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். அளவு சரியாக இருந்ததா என்று சாயந்தரம் கேட்டாள். அளவெடுத்துத் தைத்தமாதிரி இருந்தது என்றேன். அந்த மூன்று வாரத்தில் நான் அவளிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

ஒரு கட்டத்தில் எனக்கு அந்த ஆள்மேல் பொறாமையே வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக அவள் இப்படி உருகி நான் பார்த்ததில்லை. கண்ணீர் விட்டு ஜெபிப்பாள். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று ஆமென் சொல்வேன்.

"அவரு வீட்டுல சொல்லிட்டாராமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

இன்னும் இல்லையாம் என்றேன்.

"பாவம் அந்தப் பொம்பள," என்றாள் கிரேஸ். "இப்படி ஒரு ஆளக் கட்டிக்கிட்டு என்ன பாடுபடுதோ."

5

நான்காவது வெள்ளிக்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில். பட்டறைக்காரர்கள் அடித்து முடித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். நல்ல கூட்டம். எனக்கு வலப்பக்கம் கிரேஸ், அவளுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர், அதற்கும் அந்தப் பக்கம் ரூத். வட்டம் என் இடது கைப்பக்கம் தொடங்கிச் சுற்றி வந்தது. ரூத்துக்கு வந்தபோது, பிள்ளைகள் வழக்கமாகச் சொல்கிற நாலு வரி என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

ரூத் ஆங்கிலத்தில்தான் ஜெபிப்பாள். தமிழில் ஜெபி என்றால், காட் என்ன தமிழ்ப் பள்ளிக்கூடத்திலா படித்தார் என்று கேட்கிற பிள்ளை. அவளுக்கு பஸ் டிக்கெட் சேர்க்கிற பழக்கம் உண்டு. என் கால்சட்டைப் பையில் டிக்கெட் தேடியபோது அந்த நீளக் கவரைப் பார்த்திருக்கிறாள். வாசித்திருக்கிறாள். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு ஆண்டவரிடம் திறந்துவிட்டாள். அப்பாவின் சாங்கி ஃப்ரெண்டு அப்பாவேதான் என்றும், அதை அம்மாவிடம் சொல்ல அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது என்றும், அப்பா மோசமானவர் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லி ஆமென் போட்டாள்.

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேகத்து ஆங்கிலம் புரிந்திருக்காது. கிரேஸுக்குச் சந்தை ஆங்கிலந்தான் தெரியும். அப்பா, சாங்கி என்ற இரண்டு சொல்தான் அவள் காதில் விழுந்திருக்கும். தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் அடுத்தது மாஸ்டர்.

"ஆண்டவரே, நீர் அறிவீர்," என்று தொடங்கினார்.

முப்பது வருஷம் ஆங்கிலம் கற்பித்தவர், ஒரு சொல் விடாமல் அழகான தமிழில் எடுத்துரைத்தார். இந்தச் சிறு பிள்ளை தன் தகப்பனுக்காக இட்ட கூப்பிடுதல் என்றார். நாங்கள் மூன்று வாரமாக யாரென்று அறியாமல் தாங்கி ஜெபித்த சகோதரன் இந்த வீட்டின் தலைவன்தான் என்றார். கவரின் நீளம் ஒன்றைத்தான் விட்டுவிட்டார். அவரைக் குறுக்கே நிறுத்த யாராலும் முடியாது. கண்ணைத் திறக்கவும் கூடாது. நான் திறந்தேன். பன்னிரண்டு பேர் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார்கள். கிரேஸ் மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை அவளுடையது. தெருவில் ஒரு நூடுல்ஸ் வண்டிக்காரன் மூங்கில் தட்டிக்கொண்டு போனான். பிறகு என்னைப் பார்த்தபடியே ஜெபித்தாள்.

"ஆண்டவரே, முன்பின் தெரியாத ஒருத்தருக்காக இத்தனை நாளா உம்மிடத்தில் கேட்டேன். அவர் எனக்குத் தெரிஞ்சவர்தான்னு இப்பதான் தெரியுது. கேட்டதை நான் மாத்தல. அதை அப்படியே செய்யும். அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆமென்."

கடைசி ஆள் நான். காரியதரிசியின் ஜெபம் எப்போதும் நீளமானது, உலகத் தலைவர்கள்வரை போய்த் திரும்புவது. அன்று "ஆண்டவரே, அது நான்தான்," என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. பன்னிரண்டு பேரும் ஆமென் சொன்னார்கள்.

6

தேநீர் குடிக்கும்போது மிக்ஸர் கடிக்கிற சத்தந்தான். மாஸ்டர் கோப்பையை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கிற ஒரு சீன முதலாளி, இங்கே தவுக்கே என்பார்கள், அவரிடம் படித்தவராம். ஸ்டோர் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தார். ஆளின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

"உம்மட கூட்டாளிக்கெண்டு வாங்கினது," என்றார் மாஸ்டர். "ரெண்டு கிழமையா பையிலதான் கிடக்குது. பேர் சொல்லாத ஆளுக்கு நான் எப்படித் தம்பி குடுக்கிறது?"

போதகர் கேட்ட சாட்சி இதுதான் என்று நினைக்கிறேன். கேட்டதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அது வந்து சேர வேண்டிய ஆள்தான் ஒளிந்துகொண்டிருந்தான்.

கிரேஸ் என்னிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னாளே தவிர, பேசவில்லை. நான்கு நாள் ஒரு சொல் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் சொன்னாள். அரிசி இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது என்பதை நீர் அறிவீர். குடையை மறுபடியும் பஸ்ஸில் விட்டுவந்திருப்பதை நீர் அறிவீர். நல்ல சட்டை ஒன்று யார் பெட்டியிலோ கசங்கிக் கிடப்பதை நீர் அறிவீர். நான் மறுநாள் அரிசி வாங்கிவந்தேன், சட்டையைக் கொண்டுவந்தேன். குடை விஷயத்தில் கண்டக்டர்மேலும் கொஞ்சம் தப்பு இருந்தது, ஆனால் அதை விளக்க வழியில்லை. என் தாயார் பட்ட பாடு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஐந்தாம் நாள் அனுமதி அலுவலகத்துக்கு இருவரும் போனோம். மனைவியின் அட்டையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அட்டை கிடைக்காவிட்டால் எந்த மாதம் கப்பல் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வேல போனதுக்கு எனக்குக் கோவமில்ல. ஊருக்குப் போகணும்னாலும் வந்திருப்பேன். நான் அழுது ஜெபிக்கும்போது பக்கத்துல இருந்து ஆமென் சொன்னீங்களே. அதுக்குத்தான்."

மன்னித்துவிடு என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அதே கவுண்டர், அதே பெண். மாஸ்டர் என் பெயரை நிரப்பியிருந்த கடிதத்தைப் பார்த்தாள், என் அட்டையைப் பார்த்தாள், கிரேஸைப் பார்த்தாள். உள்ளே போய் யாரிடமோ பேசினாள். திரும்பி வந்து ஒரு முத்திரை குத்தினாள். ஆறு மாதத்துக்குத்தான், அப்புறம் திரும்ப வர வேண்டும் என்றாள். குடியுரிமை மனுவுக்கும் ஒரு படிவம் கேட்டேன். அடுத்த கட்டடம் என்றாள்.

அன்று மாலை குடும்ப ஜெபத்தை நான் ஆரம்பித்தேன். விவரமாகச் சொன்னேன். ஆறு மாதம் என்று சொன்னேன். தவுக்கே கோபக்காரர் என்றும், என் மலாய் அந்தக் கடைக்குப் போதாது என்றும், ஆணியிலும் திருகாணியிலும் இத்தனை வகை இருப்பது இதுவரை எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். கிரேஸ் கேட்கும்படி நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முடித்துவிட்டு, கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன். ரூத் உடனே ஆமென் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து கிரேஸும் சொன்னாள்.